வாரி விட்ட கரை

முதல் நாள் மாலையிலிருந்து ஒரே பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'சார், இந்த வண்டு மணல் சூடானால்தான் வெளியே வரும். கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.' கண்ணாடி முன்னால் தடங்கல் இல்லாமல் வந்தது. அக்கா அறைக்குள் நுழைந்ததும் நின்றுபோனது.

"யார்கிட்டடி பேசிட்டு இருந்த?"

"யார்கிட்டயும் இல்ல."

"அதான பார்த்தேன். எதிர்ல ஆள் இல்லன்னா நீ நல்லாப் பேசுவியே."

அக்கா காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடிக்க ஆரம்பித்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கண்ணாடி. என் கால்சட்டையை அவள் உதறியபோது பையிலிருந்து மணல் போர்வை மேல் விழுந்தது. துவைத்தும் போகாத மணல். அவள் மணலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு அதிகாரி வர்றார்" என்றேன்.

"உங்க மேடம் பேச மாட்டாங்களா?"

"அவங்களுக்கு வெளியூர்ல கூட்டம். என்னைப் பார்த்துக்கச் சொல்லிட்டாங்க."

"உன்னையா? ஊமை கண்ட கனவை யார்கிட்டப் போய்ச் சொல்றது? சரி, எத்தனை மணிக்கு வர்றார்?"

"காலையில, ஏழுக்கு."

"உன் பூச்சி வெயில் ஏறினாத்தான் வரும்னு சொன்னியே?"

நான் போர்வையிலிருந்த மணலைக் கையால் ஒன்றுசேர்த்தேன்.

"போன்ல கேட்டப்ப நீ சொல்லலையா?"

"சொல்லத்தான் வந்தேன். 'ஏழு மணி சரியா'ன்னு கேட்டாங்க. 'சரி சார்'னு சொல்லிட்டேன்."

அக்கா சிரிப்பை அடக்க ஒரு துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள். துண்டு குலுங்கியது.

நான் விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு ஒரு சிறிய ஆய்வகத்தில் களப்பணி செய்கிறேன். நான் கவனிப்பது கடற்கரை மணலில் வாழும் புலிவண்டு. ஈயைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே வெளிறிய மணல் நிறம், அதில் பழுப்புக் கோடுகள். நீண்ட கால்களில் உயர்ந்து நின்று ஓடும். ஓடுகிற வேகத்தில் அதற்குக் கண் தெரியாது. அதனால் சட்டென்று நின்று, இரை எங்கே என்று பார்த்து, மறுபடி ஓடும். நிற்கும்போது நமக்கு அது தெரியாது. ஓடும்போது அதற்கு எதுவும் தெரியாது.

வண்டாக அது இருப்பது சில வாரங்கள்தான். அதற்கு முன்னால் இரண்டு கோடைகாலம் புழுவாக மணலுக்குள் இருக்கும். செங்குத்தாக ஒரு குழி தோண்டி, தட்டையான தன் தலையாலேயே குழியின் வாயை அடைத்துக்கொண்டு, எறும்பு ஏதாவது மேலே நடந்தால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் வருடத்துப் புழுவின் குழி விரல் ஆழம்தான் இருக்கும். இரண்டாம் வருடத்துப் புழு முழங்கை ஆழத்துக்கு மேல் போயிருக்கும். இவ்வளவையும் எனக்கு எழுதத் தெரியும். யாராவது நேரில் கேட்டால் "அது வந்து ஒரு பூச்சி" என்பேன்.

எங்கள் கரையைச் சுத்தம் செய்ய ஒரு இயந்திரம் உண்டு. ட்ராக்டருக்குப் பின்னால் வரிசையாகக் கம்பிப் பற்கள், அதற்குப் பின்னால் ஒரு சல்லடை. மணலைக் கிளறி, சலித்து, கடல்பாசியையும் பிளாஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டு போகும். எல்லோரும் அதைச் சீப்பு என்பார்கள். அதை ஓட்டுகிறவர் சீப்பண்ணன். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. பெயர் வைத்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

உடைந்த தடுப்புச் சுவரிலிருந்து ஓடை கடலில் கலக்கும் இடம் வரை உள்ள கரைத் துண்டுக்கு மட்டும் சீப்பு வரக்கூடாது என்று மேடம் தற்காலிகமாக அனுமதி வாங்கியிருந்தார். புலிவண்டு மிஞ்சியிருப்பது அங்கேதான். நான் குச்சிகள் நட்டு, சிவப்பு நைலான் கயிறு கட்டினேன். கயிற்றுக்குள் பாசி காய்ந்து கிடந்தது, பாட்டில்கள் சேர்ந்தன. நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் நகராட்சிக்குப் புகார் எழுதினார்கள். அதனால் அதிகாரி வந்து பார்க்கப் போகிறார். வண்டு உண்மையிலேயே இருந்தால் துண்டு அப்படியே இருக்கும். இல்லையென்றால் மறுநாளிலிருந்து கரை முழுவதும் சீப்பு போகும். மேடம் இதைப் போனில் இரண்டு முறை சொன்னார். "வண்டு வராட்டியும் கவலைப்படாதே. குழியைக் காட்டு. குழி எங்கயும் ஓடிப்போகாது" என்றார்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் போய் இறங்கினேன். சுவரைத் தாண்டியதும் நின்றுவிட்டேன்.

குச்சி இல்லை. கயிறு இல்லை. பாசி இல்லை, பாட்டில் இல்லை. மணல் தட்டையாக, நீளநீளக் கோடுகளோடு, ஈரத்தலையைப் படிய வாரியது போல் கிடந்தது. நேற்று மாலை நான் குனிந்து குனிந்து படம் எடுத்த குழிகளில் ஒன்றுகூட இல்லை. சிறியவை எழுதுகோல் முனை அளவு இருந்தன. அளவு தெரிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனா மூடியை வைத்திருந்தேன்.

சுவரின் மறுபக்கம் ட்ராக்டரின் நிழலில் சீப்பண்ணன் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. எப்படி இருக்கு? படுக்கை விரிச்ச மாதிரி இல்ல?"

"அண்ணே, குச்சி…"

"எல்லாம் பத்திரமா இருக்கு. கயித்தைக்கூட சிக்கு விழாம சுத்தி சீட்டுக்கு அடியில வச்சிருக்கேன்."

"ஏன் அண்ணே?"

"அதிகாரி வர்றார்னு நேத்து நீதான சொன்ன? கரை பூரா பளிச்சுன்னு இருக்கு, உன் இடம் மட்டும் குப்பைமேடு. வர்றவர் உன்னைத்தான் பிடிப்பார். உனக்கோ திருப்பி ஒரு வார்த்தை பேச வராது. அதான் வெளிச்சம் வந்ததும் வந்து ரெண்டு தடவை வாரி விட்டுட்டேன். பூச்சிதான, வண்டிச் சத்தம் கேட்டா பறந்துட்டு அப்புறம் திரும்பி வந்துக்கும்."

நான் அவருக்குச் சொல்லியிருந்தது "கயித்துக்குள்ள வராதீங்க அண்ணே" என்பது மட்டும்தான். மேலே ஓடுகிற வண்டை அவர் பார்த்திருக்கிறார். உள்ளே இருப்பதை யாரும் அவருக்குக் காட்டவில்லை.

வாயைத் திறந்தேன். "தேங்க்ஸ் அண்ணே" என்று வந்தது.

அவர் டீயை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். நாக்கு சுட்டது. அவர் ட்ராக்டரைக் கிளப்பிக்கொண்டு கரையின் மறுகோடிக்குப் போனார்.

அதிகாரியின் கார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. சாலையில் நிற்கும் என்று நினைத்தேன். வாரிய மணலைக் கார் ஓட்டுநர் பார்த்தார். அது பாதை மாதிரிதான் இருந்தது. நேரே மணலுக்குள் ஓட்டி, என் துண்டின் விளிம்பைத் தாண்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் கையை உயர்த்தினேன். அதை அவர் வணக்கம் என்று எடுத்துக்கொண்டு, தானும் கையை உயர்த்தினார்.

அதிகாரி இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். தூக்கம் போதாத முகம். கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை வைத்திருந்தார்.

"நீங்கதான் ஆய்வகத்துலேர்ந்தா? எங்கம்மா உங்க வண்டு?"

"இல்ல சார்."

"இல்லையா?"

"இப்ப இல்ல சார்."

"குழி குழியா இருக்கும்னு உங்க மேடம் எழுதியிருந்தாங்களே. அது?"

"இருந்தது சார்."

"இல்ல. இப்ப இல்ல. இருந்தது." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். "நல்ல ஆராய்ச்சிம்மா. புகார் எழுதினவங்க இடம் அசிங்கமா இருக்குன்னு எழுதியிருக்காங்க. எனக்கு அசிங்கமும் தெரியல, வண்டும் தெரியல."

நேற்று கண்ணாடியிடம் சொன்ன வார்த்தைகள் தொண்டை வரை வந்தன. 'சார், இந்த வண்டு மணல்' வரை வந்தது. அதற்குள் அவர் கைப்பேசியில் யாருக்கோ பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார். காத்திருந்தேன். பேசி முடித்ததும், "சரி, பார்த்தாச்சு. கிளம்பறேன்மா" என்றார்.

நான் "சரி சார்" என்றேன்.

அந்த இரண்டு சொல்லும் எனக்கு மட்டும் எப்படித்தான் இவ்வளவு சுலபமாக வருகிறதோ.

கார் கிளம்பவில்லை. சக்கரம் சுற்றியது, மணல் பின்னால் பறந்தது, கார் கீழே இறங்கியது. கிளறி விட்ட மணல் மேலே பார்க்கத்தான் கெட்டி. ஓட்டுநரும் நானும் தள்ளினோம். அதிகாரியும் வந்து தள்ளினார். சக்கரம் பாதி புதைந்ததும் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, "ட்ராக்டர் இருந்தாத்தான் சார்" என்றார்.

சீப்பண்ணனுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இயந்திரம் ஓடும்போது அவருக்குக் கேட்காது. கரையின் மறுகோடியில் ட்ராக்டர் ஒரு தீப்பெட்டி அளவில் நகர்ந்துகொண்டிருந்தது. அவரைக் கூட்டிவரக் கார் ஓட்டுநரே நடந்து போனார். போய்வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

அதிகாரி காரின் நிழலில் கால்மிதியை விரித்து உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். நிழல் அவரை விட்டு மெல்ல நகர, அவரும் அதோடு நகர்ந்தார். கைக்குட்டை கழுத்திலிருந்து தலைக்குப் போனது. அவ்வப்போது என்னைப் பார்த்தார், நான் கடலைப் பார்த்தேன். இப்போது பேசலாம், அவரால் எங்கேயும் போக முடியாது என்று தெரிந்தது. தெரிந்தும் பேசவில்லை. செருப்பைக் கழற்றி மணலில் பாதத்தை வைத்து வைத்துப் பார்த்தேன். முதலில் இதமாக இருந்தது. பிறகு சுட ஆரம்பித்தது. பிறகு வைக்க முடியவில்லை.

அப்போதுதான் ஒரு நிழல் ஓடியது.

எப்போதும் நிழல்தான் முதலில் தெரியும். வண்டு மணலோடு மணலாக இருக்கும், அடியில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் ஓடும். நின்றது. மறுபடி ஓடியது. ஈர மணலின் விளிம்பில் இன்னொன்று. அதற்கு அப்பால் இரண்டு, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு.

"சார்" என்றேன்.

"ட்ராக்டர் வந்துடுச்சா?"

"வண்டு சார்."

அவர் எழுந்து வந்தார். நான் காட்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றார். "நிழலைப் பாருங்க சார். பூச்சியைத் தேடாதீங்க." குனிந்து பார்த்தார். ஒரு அடி எடுத்து வைத்ததும் அது பறந்து, கொஞ்ச தூரத்தில் இறங்கி, எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"அடேய்" என்றார் மெதுவாக. "முறைக்குதே."

கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். எல்லாப் படத்திலும் மணல்தான் இருந்தது. விடாமல் பின்னால் போனார். அது பறந்து, இறங்கி, முறைத்து, அவரைக் கடல் வரை கூட்டிப்போனது. நான் கீழே பார்த்துக்கொண்டே நடந்தேன். சீப்பின் கோடுகளுக்கு நடுவே, சுத்தமான வட்டமாக, ஒரு குழி திறந்திருந்தது. அருகில் தோண்டித் தள்ளிய புது மண். என் நிழல் பட்டதும் வாயை அடைத்திருந்த தலை உள்ளே போனது.

இரண்டாம் வருடத்துப் புழு. ஆழத்தில் இருந்திருக்கிறது. பற்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. மேலே மூடிய மணலைத் தள்ளிவிட்டு மறுபடி வாசலுக்கு வந்திருக்கிறது. அங்கங்கே இன்னும் சில திறந்திருந்தன.

அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார். நான் ஒரு நீளப் புல்லைக் கிள்ளி, முழங்காலிட்டு, அதைக் குழிக்குள் விட்டேன். எனக்குப் பேச வராது, செய்ய வரும். புல் இடித்து நின்றது. காத்திருந்தேன். புல்லின் நுனி அசைந்தது. உள்ளே அது கடித்துவிட்டது. வெடுக்கென்று இழுத்தேன். வெளியே வந்து விழுந்தது. வெள்ளை உடம்பு, மணல் நிறத்தில் கேடயம் போன்ற தலை, கொடுக்கு மாதிரி வளைந்த தாடை, குழிச்சுவரில் பிடித்துக்கொள்ள முதுகில் ஒரு திமிலும் இரண்டு கொக்கியும்.

"இதுவா அதுவா மாறும்?"

"ஆமா சார்."

"இந்த மூஞ்சியா?" உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். அது அவர் விரலைக் கடித்தது. கையை உதறாமல் சிரித்தார். "புலிதான். எனக்கு ஒரு புல்லு குடு, நான் பிடிக்கறேன்."

இரண்டு முறை சீக்கிரம் இழுத்துவிட்டார். மூன்றாவது முறை புல் பாதியாக அறுந்து வந்தது. "ஏமாத்திட்டான் பாரு" என்று முட்டியில் ஒட்டிய மணலோடு அடுத்த குழிக்குப் போனார். ஆசையாகத்தான் இருந்தது அவரைப் பார்க்க. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"சீப்பு எப்ப போச்சு இங்க?"

"இன்னைக்குக் காலையில சார்."

"அப்படியா? அப்ப நல்லதாப் போச்சு." முகம் தெளிந்திருந்தது. "சீப்பு போயும் இதுங்க உயிரோடதான இருக்கு. உடனே வாசலைத் திறந்து உட்கார்ந்துடுச்சு. அப்ப பிரச்சினையே இல்லையேம்மா. அது பாட்டுக்கு வாரட்டும், இது பாட்டுக்கு இருக்கட்டும். புகாரும் தீரும், வண்டும் இருக்கும். எதுக்குத் தனியாக் கயிறு?"

வண்டு இல்லை என்று அவர் சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் நிறைய யோசித்திருந்தேன். இருக்கிறது, அதனால் கயிறு வேண்டாம் என்பதற்குப் பதில் மனதுக்குள் இருந்தது. ஆனால் வரிசை மாறிக் கிடந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "இல்ல சார், அது வந்து…" என்றேன். அவர் காத்திருந்தார். "சின்னது…" என்றேன். "என்னம்மா?" என்றார். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அக்கா பக்கத்தில் இருந்திருந்தால் சிரிப்பை அடக்கத் துண்டைத் தேடியிருப்பாள்.

சுவரின் ஓரமாகச் சத்தம் கேட்டது. சீப்பண்ணன் வந்துவிட்டார். கார் ஓட்டுநர் ட்ராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். சீப்பு பின்னால் தூக்கி நின்றது. பெரிய சக்கரங்கள் நேரே காரை நோக்கி, திறந்திருந்த குழிகளை நோக்கித் திரும்பின.

"அண்ணே, நிறுத்துங்க!"

யார் கத்தியது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. கடற்பறவைகள் எழுந்து பறந்தன. ட்ராக்டர் குலுங்கி நின்றது. சீப்பண்ணன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அதிகாரி கைக்குட்டையைத் தலையிலிருந்து எடுத்தார்.

கத்தியாகிவிட்டது. இனி சும்மா இருந்தால் பைத்தியம் என்று நினைப்பார்கள்.

"இங்க வாங்க சார்" என்றேன். "நீங்களும் இறங்கி வாங்க அண்ணே."

சுவருக்குப் பின்னால், சீப்பு சலித்ததைக் கொட்டிய குவியல் இருந்தது. பாசி, மூடிகள், கயிற்றுத்துண்டு, சலிக்காமல் விழுந்த ஈர மணல் கட்டிகள். அதிகாலையில் கொட்டியது வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தது. முழங்காலிட்டு இரண்டு கையாலும் கிளறினேன். பாசியை உதறினேன். ஒரு மணல் கட்டியை மெல்ல உடைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. இரண்டாவது கட்டியில் இருந்தது. நகக்கண் நீளம். வெள்ளையாக இருந்திருக்க வேண்டும், காய்ந்து மஞ்சளாகியிருந்தது. தலை மட்டும் அப்படியே, கேடயம் மாதிரி.

"இது இந்த வருஷத்துப் புழு சார். இதோட குழி இவ்வளவுதான் ஆழம்." விரலைக் காட்டினேன். "நீங்க பிடிச்சது போன வருஷத்துது. அது ஆழத்துல இருக்கும், தப்பிச்சுடும். இது தப்பிக்காது."

கைப்பேசியை எடுத்து நேற்றைய படங்களைக் காட்டினேன். பேனா மூடியும் அதன் பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகளும். ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்தது. "இதெல்லாம் நேத்து இருந்தது. இப்ப திறந்திருக்கிற குழி எல்லாமே பெருசு. சின்னது ஒண்ணாவது பார்த்தீங்களா சார்?"

அவர் குவியலின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு மூன்று எறும்பாகச் சேர்ந்து ஒவ்வொரு புழுவாக இழுத்துப் போயின. வரிசை சுவரின் விரிசலுக்குள் போனது.

"சீப்பு போனா பெரிய புழு இருக்கும் சார். அடுத்த வருஷம் அதெல்லாம் வண்டாகும். நீங்களும் வந்து வண்டு இருக்குன்னு சொல்வீங்க. அதுக்கு அடுத்த வருஷம் வண்டாக ஒண்ணும் இருக்காது."

இவ்வளவு பேச்சை நான் ஒரே நாளில்கூடப் பேசியதில்லை. கடைசியில் குரல் உடைந்தது. நல்லவேளை, முடித்துவிட்டேன்.

அதிகாரி கேட்டார்: "கயிறு கட்டின இடத்துல யார் வாரச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்" என்றார் சீப்பண்ணன். அவர் பார்வை எறும்புகளிடம் இருந்தது. "நீங்க வர்றீங்கன்னு நானாத்தான் வாரினேன். இடம் நல்லா இருக்கணும்னு."

"நான் வர்றேன்னா?"

"ஆமா சார்."

அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தார். பிறகு அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் போன் செய்தார். சுவரிலிருந்து ஓடை வரை சீப்பு போகக்கூடாது, புகார் எழுதினவர்களுக்குத் தானே பதில் எழுதுவதாகச் சொன்னார். குப்பையைக் கையால் பொறுக்க ஆள் போடச் சொன்னார். அடுத்த வருடம் இதே சமயம் வந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த முடிவு என்றார்.

"அடுத்த தடவை யாருக்கும் சொல்லாமதான் வரணும் போல" என்றார் என்னிடம்.

"சொல்லிட்டே வாங்க சார். ஆனா வெயில் ஏறினப்புறம் வாங்க."

"இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமேம்மா. நான் விடியறதுக்குள்ள எழுந்து வந்திருக்கவே வேண்டாமே."

காரை வெளியே எடுக்கச் சீப்பண்ணன் ட்ராக்டரைத் துண்டுக்குள் கொண்டுவரவில்லை. விளிம்புக்கு வெளியே நிறுத்தி, சங்கிலியோடு சங்கிலி கோத்து நீட்டி, வந்த தடத்திலேயே பின்னால் இழுத்தார். நான் முன்னால் நடந்து குழிகளைக் காட்டினேன். கார் தார்ச்சாலை ஏறியதும் அதிகாரி கண்ணாடியை இறக்கி, பாதியாக அறுந்த அந்தப் புல்லை ஆட்டிக் காட்டினார்.

கரைத் துண்டு எங்களுக்குக் கிடைத்துவிட்டது. மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். "பாத்தியா, நான் சொன்னேன்ல, குழி எங்கயும் போகாதுன்னு" என்றார். ஆமாம் மேடம் என்றேன். அங்கே ஒரு சின்னக் குழிகூட இல்லை என்று சொல்லவில்லை. மறுபடி விஷயத்தை விழுங்கிவிட்டோம் என்று உறைத்ததும் திரும்பக் கூப்பிட்டேன். அதற்குள் அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

மணலைக் காலால் உதைத்தேன். உடனே, அடியில் ஏதாவது இருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதுதான் விஷயம்.

சீப்பண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து குச்சிகளையும் கயிற்றையும் எடுத்து வந்தார். கயிறு உண்மையிலேயே ஒரு சிக்கு இல்லாமல் சுற்றியிருந்தது. நான் குச்சியைப் பிடிக்க, அவர் கல்லால் அடித்து இறக்கினார். மூன்றாவது குச்சி இறங்கியதும் நிமிர்ந்தார்.

"காலையிலயே என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ" என்றார்.

"கேக்க வரல அண்ணே."

"வராமத்தான் தேங்க்ஸ் சொன்னியா?"

நான் கயிற்றை முடிச்சுப் போட்டேன்.

"அந்தக் கத்து கத்தின. நான் எவன் மேலயோ ஏத்திட்டேன்னு நினைச்சு பயந்துட்டேன். இவ்வளவு தொண்டையை எங்க வச்சிருந்த இத்தனை நாளா?"

"தெரியல அண்ணே."

அவர் சிரித்தார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். குவியல் பக்கம் ஒருமுறை பார்த்தார். ட்ராக்டர் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

"இனிமே முட்டை வைக்குமா, மேல ஓடுறதெல்லாம்?"

"கொஞ்சம் வைக்கும். இன்னும் சில வாரம்தான் இருக்கும் அதுங்க. எங்க வைக்கும்னா…"

நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, தலையை ஆட்டினார். "இரு. உன் குரலுக்கு இந்த இன்ஜின் ஆகாது."

போய் அணைத்துவிட்டு வந்து, கல்லை மணலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லு. உள்ள என்னென்ன இருக்கு, எங்க எங்க இருக்கு, எல்லாத்தையும் சொல்லு. அவசரமில்ல."

காலையில் சொல்லியிருக்க வேண்டியதை நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.